பாலைவனச் சோலை மண்ணில் மணிச்சத்து: அளந்து அறியத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் கார்கா, தாக்லா என்னும் இரு சோலைகளுக்கு நடுவே அபு தர்தூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அதன் அடியில் பாஸ்பேட் பாறை அடுக்காகக் கிடக்கிறது. துனீசியாவில் கஃப்சா சோலைக்கு மேற்கே உள்ள மலைகளில் 1885-ஆம் ஆண்டில் பாஸ்பேட் கண்டறியப்பட்டு, பின்னர் அது பெரிய சுரங்கத் தொழிலாக வளர்ந்தது. மணிச்சத்தின், அதாவது பாஸ்பரசின், மூலப்பொருள் இவ்வளவு அருகில் இருக்கும்போது, அந்தப் பாறையை அரைத்து வயலில் தூவினால் போதாதா என்று இத்துறைக்குப் புதிதாக வருபவர் கேட்பது இயல்பு. போதாது. அமில மண்ணில் மெல்லக் கரைந்து பயிருக்கு உதவும் அந்தத் தூள், சுண்ணாம்பு மிகுந்த பாலைவன மண்ணில் ஏறக்குறையக் கல்லாகவே கிடக்கும். ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டவருக்கு இனி வரும் படிகள் எதுவும் புதிராக இராது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மண்ணில் உள்ள மொத்த மணிச்சத்து ஒரு கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். அதில் ஒரு பருவத்துக்குள் வேர் எடுத்துக்கொள்ளத்தக்க நிலையில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்க மில்லிகிராம் மட்டுமே. இதைத்தான் ‘கிடைக்கும் மணிச்சத்து’ என்கிறோம். எஞ்சியது கால்சியத்தோடு பிணைந்து கிடக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டாக நாம் இடும் கரையும் உரமும் இந்தக் கதிக்குத் தப்புவதில்லை. மண்நீரில் கரைந்தவுடன் அது சுண்ணாம்புத் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு இரு கால்சியம் பாஸ்பேட்டாகவும், நாள் செல்லச் செல்ல இன்னும் கரைதிறன் குறைந்த சேர்மங்களாகவும் மாறி, கடைசியில் சுரங்கத்தில் வெட்டியெடுத்த பாஸ்பேட் பாறையின் கனிமமான அபடைட்டின் சாயலையே அடைகிறது. சூப்பர் பாஸ்பேட் செய்வதற்காகத் தொழிற்சாலை பாறையில் அமிலம் ஊற்றிப் பிரித்ததை, மண் திரும்பச் சேர்த்துவிடுகிறது. இந்த மாற்றம் எவ்வளவு விரைவில், எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைச் சுண்ணாம்பின் அளவு, அதன் துகள் நுண்மை, கார அமில நிலை (pH), ஈரம், அங்ககப் பொருள், உப்புகளின் வகை ஆகியவை தீர்மானிக்கின்றன. எனவே மணிச்சத்து எண்ணை மட்டும் தனியே அளந்து வைத்துக்கொண்டு உரம் பரிந்துரைப்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார் என்பது என் கருத்து.

முதற்படி: நிலத்தைப் பகுத்துப் பார்த்தல்

மாதிரி எடுக்கும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் சோலையை ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். வெளியிலிருந்து ஒரே பசுமைத் திட்டாகத் தெரிந்தாலும், சோலை என்பது ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல மண்களின் தொகுப்பு. வாய்க்காலின் தலைப்பகுதியில் பாசன நீர் சுமந்து வந்த வண்டல் ஆண்டாண்டாகப் படிந்து மண் கனத்திருக்கும். கடைமடையில் வண்டல் குறைந்து உப்பு கூடியிருக்கும். பேரீச்சை மரத்தைச் சுற்றிய பாத்தியில் தொழு உரம் குவிந்திருக்கும். இரு மரங்களுக்கு இடைப்பட்ட தரையில் அது இராது. குதிரை மசால் பல ஆண்டுகளாக அறுக்கப்படும் துண்டில், அறுவடையோடு மணிச்சத்தும் தொடர்ந்து வெளியேறியிருக்கும். விளிம்பில் சவுக்கு போன்ற தோற்றமுள்ள தமரிசு புதர்களின் அடியில் இலைச் சருகும் காற்று கொணர்ந்த நுண்மண்ணும் சேர்ந்து, நான்கடி தள்ளி இருக்கும் வெறுந்தரையைவிட வளமாக இருக்கும்.

பழைய சோலைக்கும் புதிதாகத் திருத்திய நிலத்துக்கும் உள்ள வேறுபாடு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. சீனாவின் ஹெக்சி தாழ்வாரத்திலும் தாரிம் படுகையின் ஓரங்களிலும் நூற்றாண்டுகளாகப் பயிரிட்ட வயல்களில், கலங்கல் நீர் கொண்டுவந்த வண்டலும் விவசாயிகள் இட்ட உரமும் சேர்ந்து இயற்கை மண்ணின் மேல் மனிதன் படைத்த ஒரு புதிய அடுக்கே உருவாகியிருக்கிறது. உலக மண் வகைப்பாட்டில் இத்தகைய பாசன வண்டல் அடுக்குக்குத் தனிப் பெயரே உண்டு. அந்தப் பெயரைப் பெற அடுக்கு குறைந்தது 20 செ.மீ. தடிப்பு கொண்டிருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் மணிச்சத்தும் அங்ககக் கரிமமும் உயர்ந்திருக்கும். சற்றுத் தள்ளி, மணற்பரப்பைச் சமப்படுத்தி அண்மையில் திருத்திய நிலத்தில் இரண்டுமே அடிமட்டத்தில் இருக்கும். இவ்விரண்டின் மண்ணையும் ஒரே வாளியில் கலந்தால் வரும் சராசரி எந்த வயலுக்கும் பொருந்தாது.

ஆகவே ஒரு தாளில் சோலையின் வரைபடத்தை ஏறத்தாழ வரைந்து, பயிரிட்ட காலம், வாய்க்காலிலிருந்து தொலைவு, மண்ணின் நயம், உப்புப் பூத்தல், பயிர் ஆகியவற்றைக் கொண்டு பகுதிகளாகப் பிரியுங்கள். பயிரிட்ட காலத்தை வயலை உழுபவரிடம்தான் கேட்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பல செய்திகள், குறிப்பாக எருக்குழி எங்கே இருந்தது, ஆட்டுப்பட்டி எங்கே அடைத்தார்கள் என்பன, அந்தப் பேச்சில்தான் வெளிவரும். பழைய பட்டியின் மேல் விழுந்த ஒரு துளைமாதிரி முழுக் கலவையையும் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

ஒவ்வொரு பகுதியிலும் வளைந்து வளைந்து நடந்து, 15 முதல் 20 இடங்களில் மண் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். அறுவடை முடிந்து அடுத்த உரம் இடுவதற்கு முந்தைய காலமே ஏற்றது. ஆண்டுப் பயிர்களுக்கு 0–20 செ.மீ., 20–40 செ.மீ. என்ற இரு ஆழங்கள் போதும். பேரீச்சைக்கு 60 அல்லது 90 செ.மீ. வரை 30 செ.மீ. இடைவெளியில் எடுப்பது நல்லது. மணிச்சத்து மண்ணுக்குள் மிகக் குறைந்த தூரமே நகரும் என்பதால், மேலடுக்கில் அது தேங்கி நிற்க, கீழடுக்கு வறுமையாக இருப்பதையே பெரும்பாலும் காண்பீர்கள். ஆழத்தை ஒரு விரற்கடை தவறவிட்டாலும் எண் மாறிவிடும். ஆதலால் துளைக்கருவியில் ஆழக் குறியீடு இட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சோலைக்கே உரிய மூன்று கண்ணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்பரப்பில் வெண்ணிற உப்புப் பொருக்கு இருந்தால் அதைச் சுரண்டித் தனிப்பையில் இடுங்கள், மண்ணோடு கலக்காதீர்கள். சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் கரைத்து விடும் வயலில், சொட்டியின் அடியில் உள்ள சில செ.மீ. மண்ணில் மட்டுமே மணிச்சத்து குவிந்திருக்கும். அங்கும் வரிசைகளின் இடையிலும் தனித்தனியாக எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். மூன்றாவது கண்ணி, தரைமட்டமே நிலையானதன்று என்பது. அல்ஜீரியாவின் சூஃப் பகுதியில் மணற்குன்றுகளுக்கு நடுவே குழி தோண்டி, நிலத்தடி நீருக்கு அருகே பேரீச்சையை நடுகிறார்கள். காற்று கொட்டும் மணலை ஓயாமல் வெளியே அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். துனீசியாவின் தென்பகுதிச் சோலைகளில் மரத்தடியில் மணலும் தொழு உரமும் கொண்டுவந்து இடும் வழக்கம் உண்டு. இத்தகைய இடங்களில் ‘மேல் 20 செ.மீ.’ என்பது சென்ற ஆண்டு கொட்டிய மணலாக இருக்கலாம். ஒரு சிறு குழி வெட்டி, பக்கச்சுவரில் நிறமும் நயமும் மாறும் ஆழத்தைப் பார்த்த பிறகே மாதிரி ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

உரம் வந்த பழைய சாக்கில் மண்ணை அள்ளி வராதீர்கள். சாக்கின் தையலில் ஒட்டியிருக்கும் சிறு குருணை போதும், நீங்கள் தேடும் சில மில்லிகிராமை மூழ்கடிக்க.

மூன்றாம் படி: உலர்த்திச் சலித்தல்

நிழலில், தாள் விரித்துக் காற்றில் உலர்த்துங்கள். கட்டிகளை மர உலக்கையால் மெல்ல உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்கும் சரளையை எறிந்துவிடாமல் எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும்போது அது தேவைப்படும். ஈர எடையைத் திருத்துவதற்காக மண்ணை 105 டிகிரி செல்சியஸில் வைத்து உலர்த்துவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஜிப்சம் உள்ள மண்ணில் அது பிழையான விடை தரும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்துக்குள் அமைந்த நீர்; அந்த வெப்பத்தில் அதுவும் வெளியேறி, இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும். ஜிப்சம் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் 40 டிகிரி அளவில் நெடுநேரம் உலர்த்துங்கள்.

நான்காம் படி: மணிச்சத்துக்கு முன் அளக்க வேண்டியவை

என்னைக் கேட்டால், எந்தச் சோலை மண்ணிலும் முதற்சோதனை சுண்ணாம்புச் சோதனையே. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு மண்ணின் மேல் விட்டு, காதை அருகே கொண்டு செல்லுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாமல், சூடான கல்லில் நீர்த்துளி விழுந்ததுபோல் மெல்லிய ஓசை மட்டும் கேட்டால் சுண்ணாம்பு 2 சதவீதத்துக்குள் இருக்கும். குமிழ்கள் கண்ணுக்குத் தெரிந்தால் 2 முதல் 10. குமிழ்கள் சேர்ந்து தாழ்ந்த நுரையாகப் படர்ந்தால் 10 முதல் 25. சொட்டு விழுந்த கணத்திலேயே தடித்த நுரை பொங்கி எழுந்தால் 25 சதவீதத்துக்கு மேல். களத்தில் நின்றபடி அரை நிமிடத்தில் கிடைக்கும் இந்த மதிப்பீடு, உங்கள் மணிச்சத்து எவ்வளவு வேகமாகப் பூட்டப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கனிமமான டோலமைட் மட்டும் குளிர்ந்த அமிலத்தில் சோம்பலாகவே பொங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆய்வகத்தில், வெளியேறும் கரியமில வாயுவின் கன அளவைக் காட்டும் கால்சிமீட்டரால் துல்லியமான அளவைப் பெறலாம். வசதி இருந்தால் ‘செயலூக்கச் சுண்ணாம்பு’ எனப்படும் நுண்துகள் பகுதியையும் அளவிடுங்கள்; பருமணல் வடிவில் உள்ள 20 சதவீதச் சுண்ணாம்பைவிட, களிமண் நுண்மையில் உள்ள 8 சதவீதம் மணிச்சத்தை அதிகமாகப் பிடித்து வைக்கக்கூடும்.

அடுத்தது கார அமில நிலை. பாலைவன மண்ணில் அது பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிற்கும். கால்சியம் கார்பனேட்டே அந்த எல்லைக்குள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. 8.5-ஐத் தாண்டினால் சோடியம் மேலோங்கிய களர் நிலமா என்று பார்க்க வேண்டும். உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறோம். மண்ணைக் குழைத்துப் பிழிந்த நிறைவுச் சாற்றில் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் எட்டினால் உவர் மண் என்பது வழக்கமான எல்லை. ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் நீர் கலந்து அளந்த எண்ணை இந்த எல்லையோடு நேராக ஒப்பிடக் கூடாது. தொடக்கநிலையில் பலரும் செய்யும் தவறு இது. ஜிப்சம் மட்டுமே நிறைவுச் சாற்றில் 2 டெசிசீமென்ஸுக்குச் சற்று மேல் காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எகிப்தின் சிவா போன்ற, கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்த, வடிநீருக்குப் போக்கிடம் இல்லாத சோலைகளில் உப்புக் கணக்கைப் பாராமல் வேறு எந்தக் கணக்கையும் தொடங்க முடியாது. வேர் நீரையே எடுக்க முடியாமல் தவிக்கும் இடத்தில் மணிச்சத்தைக் கூட்டிப் பயனில்லை.

அங்ககக் கரிமத்தைப் பொதுவாக வாக்ளி–பிளாக் முறையில், டைகுரோமேட்டால் அளக்கிறார்கள். உவர் மண்ணில் இதில் ஒரு மறைவான பிழை இருக்கிறது: குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழித்துவிடும், விளைவாக, கரிமம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். உப்பு மிகுந்த மாதிரிகளில் கந்தக அமிலத்தோடு வெள்ளி சல்பேட்டைச் சேர்த்து இதைத் தடுக்கலாம். மண்ணை எரித்து எடை இழப்பைக் கொண்டு கணிக்கும் எளிய முறை, ஜிப்சம் உள்ள சோலை மண்ணுக்கு உதவாது. காரணத்தை மேலே சொன்ன படிகநீரிலிருந்தே ஊகிக்கலாம்.

மண்ணின் நயத்தையும் பரும அடர்த்தியையும் (குலையாத மண் ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்பது) கூடவே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஓல்சன் முறை

கிடைக்கும் மணிச்சத்தை அளக்கப் பல பிரித்தெடுப்பான்கள் இருந்தாலும், சோலை மண்ணுக்கு உரியது ஓல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1954-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சோடியம் பைகார்பனேட் முறையே. அமில மண்ணுக்காக உருவான பிரே முறையைச் சுண்ணாம்பு மண்ணில் கையாண்டால், அதன் அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிவிடும். அதன் புளூரைடும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். ஓல்சன் கரைசல் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அதிலுள்ள கார்பனேட், கரைசலில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துப் படிய வைக்கிறது. கால்சியம் குறைவதால், கால்சியத்தோடு தளர்வாகப் பிணைந்த பாஸ்பேட் கரைந்து வெளிவருகிறது. இறுகிய அபடைட்டை அது பெரிதாகத் தீண்டுவதில்லை. வேருக்கும் அதே எல்லைதான் என்பதால் இந்த எண் பயிரின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

லிட்டருக்கு 42 கிராம் சோடியம் பைகார்பனேட் கரைத்தால் 0.5 மோலார் கரைசல் கிடைக்கும். அதன் கார அமில நிலையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு சரியாக 8.5-க்குக் கொண்டுவர வேண்டும். திறந்து வைத்தால் கரியமில வாயு வெளியேறி அந்த எண் தானே ஏறிவிடும். ஆகையால் மூடி வைத்து, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள். 2.5 கிராம் மண்ணில் 50 மி.லி. கரைசலை ஊற்றி, 30 நிமிடம் குலுக்கி, உடனே வடிகட்ட வேண்டும். முப்பது என்றால் முப்பதுதான். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நாற்பத்தைந்து ஆகியிருக்கும், எண்ணும் கூடியிருக்கும். வெப்பநிலை உயர்ந்தாலும் கரைந்து வரும் மணிச்சத்து கூடும். பாலைவனத்து ஆய்வகத்தில் காலையில் குலுக்கிய தொகுதிக்கும் நண்பகலில் குலுக்கியதற்கும் உள்ள வேறுபாட்டை நிலங்களுக்கு இடையிலான வேறுபாடாக எண்ணிவிடக் கூடாது. அறையை 25 டிகிரியில் வைத்திருங்கள், முடியாவிட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் எண் தெரிந்த ஒரு ஒப்பீட்டு மண்ணையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொழு உரம் கண்ட மண்ணின் சாறு மஞ்சளாக வரும். அதை வெளுக்க, குலுக்கும்போதே மணிச்சத்து நீக்கிய கரித்தூள் சேர்ப்பது வழக்கம். நீக்கியதாகச் சொன்னாலும் அந்தக் கரித்தூளில் மணிச்சத்து எஞ்சியிருக்கலாம். ஆகவே மண் இல்லாத வெற்றுச் சாற்றை முதலில் சோதியுங்கள். கீழே சொல்லும் நிறமேற்றலில் மணிச்சத்து கூடக் கூட நீலம் கூடும்; தொடக்க நாட்களில் என் வெற்றுச் சாறு மாதிரிகளைவிட நீலமாக வந்து நின்றது. கரித்தூளையும் காய்ச்சி வடித்த நீரையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே, குடுவைகளைக் கழுவிய சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தது புரிந்தது. அன்று முதல் குடுவைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தே அலசுகிறேன்.

நிறம் உண்டாக்க, 5 மி.லி. சாற்றை 25 மி.லி. குடுவையில் எடுத்து, பாரா நைட்ரோபீனால் என்னும் நிறங்காட்டியை ஒரு சொட்டு விடுங்கள், சாறு மஞ்சளாகும். மஞ்சள் மறையும் வரை 2.5 மோலார் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ அரை மி.லி. தேவைப்படும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றினால் பைகார்பனேட் பொங்கி, நுரை குடுவையின் கழுத்தைத் தாண்டி மேசையில் வழியும். மாதிரியும் அதோடு போயிற்று. நுரை அடங்கக் குடுவையை மெல்லச் சுழற்றி, வாயு முழுவதும் வெளியேறிய பிறகே அடுத்த சொட்டு. பின்னர் அம்மோனியம் மாலிப்டேட், ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட், அஸ்கார்பிக் அமிலம் ஆகியவை சேர்ந்த கலவை 4 மி.லி. இட்டு, நீரால் 25 மி.லி.க்கு நிரப்புங்கள். மர்ஃபி, ரைலி ஆகிய இருவர் 1962-இல் வகுத்த கலவை இது. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த பிறகு ஒரு நாளுக்கு மேல் தாங்காது, ஆகவே அன்றன்று கலக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நீலம் நிலைபெறும். நிறமானியில் 882 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

ஒப்பீட்டு வரைகோட்டுக்கு, உலர்த்திய பொட்டாசியம் இருஹைட்ரஜன் பாஸ்பேட் 0.4393 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. மணிச்சத்து கொண்ட மூலக்கரைசல் கிடைக்கும். அதை நீர்க்கச் செய்து, நிறமேற்றிய குடுவையில் லிட்டருக்கு 0 முதல் 0.8 மி.கி. வரை வருமாறு தொடர் தயாரிக்கலாம். தொடரின் ஒவ்வொரு குடுவையிலும் அதே 5 மி.லி. ஓல்சன் கரைசல் இருக்க வேண்டும் என்பதை மறந்தால் கோடும் மாதிரியும் வெவ்வேறு மொழி பேசும்.

ஆறாம் படி: கணக்கு

நிறமேற்றிய குடுவையில் லிட்டருக்கு 0.08 மி.கி. வந்ததாகக் கொள்வோம். 5 மி.லி. சாறு 25 மி.லி. ஆனதால் ஐந்தால் பெருக்கினால் சாற்றில் 0.4 மி.கி.; 2.5 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. சாறு என்பதால் இருபதால் பெருக்கினால் கிலோ மண்ணுக்கு 8 மி.கி. கிடைக்கும்.

இதை எக்டேருக்கு மாற்றும்போது எங்கிருந்தோ எடுத்த நிலையான பெருக்கெண்ணைப் போடாமல் உங்கள் மண்ணின் பரும அடர்த்தியைப் போடுங்கள். அடர்த்தி 1.5, ஆழம் 15 செ.மீ. என்றால் ஓர் எக்டேரின் மேல்மண் 2,250 டன். அதில் 18 கிலோ மணிச்சத்து. எடையில் கால்பங்கு சரளையாக இருந்தால் 18 அன்று, 13.5 கிலோ மட்டுமே. நீங்கள் சோதித்தது சலித்த மண்ணை அல்லவா? உரப் பைகளில் அச்சிட்டிருப்பது ஆக்சைடு (P2O5) கணக்கு என்பதால், அதோடு ஒப்பிட 2.29-ஆல் பெருக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, இரு மடங்குக்கு மேல் வேறுபாடு கண்டு திகைத்தவர்கள் பலர்.

ஏழாம் படி: எண்ணை வாசித்தல்

ஓல்சன் எண் கிலோவுக்கு 5 மி.கி.க்குக் கீழ் இருந்தால் குறைவு, 5 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரும்பாலான வயற்பயிர்களுக்குப் போதுமானது என்பது பொதுவான வரம்பு. உருளைக்கிழங்கு போன்ற வேர்ப்பரப்பு குறைந்த காய்கறிகளுக்கு இதைவிட உயர்ந்த அளவு வேண்டும். இந்த வரம்புகளைச் சட்டமாகக் கொள்ளாதீர்கள். ஒரே 8 மி.கி. இரண்டு வயல்களில் இரண்டு பொருள் தரும். அங்ககக் கரிமம் ஓரளவு உள்ள, ஈரம் நிலைத்து நிற்கும் பழைய வண்டல் மண்ணில், வேர் எடுத்ததை ஈடுசெய்யப் பின்னால் ஒரு கையிருப்பு இருக்கும். சுண்ணாம்பு 25 சதவீதத்தைத் தாண்டிய புதிய மணல் நிலத்தில் கையிருப்பும் சிறிது, ஈரம் வடிந்த கணத்தில் பாஸ்பேட்டின் நகர்வும் நின்றுவிடும். பாஸ்பேட் வேரை வந்தடைவது துகள்களைச் சுற்றிய நீர்ப்படலத்தின் வழியாகத்தான். படலம் அறுந்தால் பாதையும் அறுந்தது. எனவே பாசன இடைவெளியை அறியாமல் மணிச்சத்துக் குறைபாட்டைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

களர் மண் ஒரு தனிக் கதை. சோடியம் பாஸ்பேட் எளிதில் கரையும் என்பதால், களர் மண்ணில் ஓல்சன் எண் வியப்பூட்டும் அளவு உயர்ந்து வரும். அதை நம்பி, மணிச்சத்து ஏராளமாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, ஜிப்சம் இட்டு உப்பைக் கழுவி நிலத்தைத் திருத்தினால், அந்த எண் அடுத்த சோதனையில் சரிந்திருக்கும். கால்சியம் வந்து சேர்ந்ததும் பாஸ்பேட் மீண்டும் பிணைந்துவிட்டது. ஒரு பகுதி கழுவும் நீரோடும் போயிருக்கும். திருத்திய பிறகு மறுபடி அளக்காமல் உரத்தை நிறுத்தாதீர்கள்.

எட்டாம் படி: உரம் பற்றிய முடிவு

கார அமில நிலையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று கந்தகம் இடச் சொல்லும் அறிவுரை அடிக்கடி காதில் விழும். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 2,250 டன் மண்ணில் 1 சதவீதச் சுண்ணாம்பு என்பது 22.5 டன். அதை நடுநிலையாக்க 7.2 டன் கந்தகம் வேண்டும். சுண்ணாம்பு 20 சதவீதம் என்றால் 144 டன். ஒரு எக்டேருக்கு இதை யாரும் இடப்போவதில்லை. ஆனால் வேருக்கு அருகே ஒரு குறுகிய பட்டையில் மட்டும், உரத்தோடு சேர்த்துச் சிறிது கந்தகம் இடுவது பொருளுள்ள செயல்; முழு நிலத்தை மாற்ற முடியாது, வேரின் அண்டையை மாற்ற முடியும்.

அதே தருக்கமே மற்ற முடிவுகளுக்கும் அடிப்படை. உரத்தைப் பரவலாகத் தூவினால் ஒவ்வொரு துகளும் சுண்ணாம்பைச் சந்திக்கும். விதைக்குச் சற்றுக் கீழே பட்டையாக இட்டால் குறைவாகவே சந்திக்கும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் கரையும்போது தன்னைச் சுற்றி அமிலத்தன்மையை உண்டாக்கும். டை அம்மோனியம் பாஸ்பேட் காரத்தன்மையை உண்டாக்கும். ஆகவே சோலை மண்ணுக்கு முன்னதையே நான் தேர்வேன். ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்துச் சுண்ணாம்பு மண்களில், குருணை வடிவ உரத்தைவிடத் திரவ உரம் சிறந்த பலன் தந்தது. குருணையைச் சுற்றிப் படியும் பாஸ்பேட், திரவமாகப் பரவும்போது அந்த அளவுக்குப் படிவதில்லை. சொட்டுநீரில் பாஸ்பாரிக் அமிலம் விடுவதும் இதே வழிதான். ஆனால் கால்சியம் மிகுந்த கிணற்று நீரில் பாஸ்பேட் உரத்தைக் கரைத்தால் குழாய்க்குள்ளேயே வெண்படிவு உண்டாகிச் சொட்டிகள் அடைபடும். முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் அதே நீரையும் அதே உரத்தையும் வயலில் விடும் விகிதத்திலேயே கலந்து ஓரிரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் குழாயில் விடாதீர்கள்.

தொழு உரத்தைப் பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்க வேண்டாம். அது மணிச்சத்தைக் கொண்டுவருவதோடு, சிதையும்போது உண்டாகும் அங்கக அமிலங்களால் சுண்ணாம்பின் பிடிக்கும் இடங்களை மறைக்கிறது, ஈரத்தையும் நிறுத்துகிறது. மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிரிகள் என்று விற்கப்படுபவற்றின் பலன் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. முழு வயலில் இறங்குவதற்கு முன் ஒரு மூலையில், இடாத ஒரு கீற்றையும் பக்கத்தில் விட்டுச் சோதிப்பதே அறிவுடைமை.

எண் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பழைய காய்கறித் துண்டுகளில் பழக்கம் காரணமாக மேலும் உரம் இடுவது இன்னொரு நோயை வரவழைக்கும். சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகம் முன்னமே பற்றாக்குறை. மிகுதியான மணிச்சத்து அதைப் பயிருக்குள் இன்னும் அருமையாக்கும். இளந்தளிர் சிறுத்து, நரம்புகளுக்கு இடையே வெளிறினால், பலரும் உரம் போதவில்லை என்று நினைத்து அதே பையையே மீண்டும் பிரிக்கிறார்கள்.

உரமிட்ட வயலை அடுத்த ஆண்டு அளக்கும்போது, அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே தடத்தில் நடந்து எடுங்கள். இருப்பிடக் குறியீட்டை முதல் நாளே குறித்து வைத்திருந்தால் இது எளிது. சென்ற ஆண்டின் சலித்த மண்ணில் ஒரு பிடியை மூடிய புட்டியில் சேமித்து வைத்து, அதையும் புதிய தொகுதியோடு சேர்த்து ஓட்டுங்கள். பழைய மண் பழைய எண்ணையே தந்தால், புதிய மண்ணில் கண்ட மாற்றம் வயலில் நடந்தது. பழைய மண்ணின் எண்ணும் நகர்ந்திருந்தால், வயலைப் பற்றி எதுவும் எழுதுவதற்கு முன் கரைசல் புட்டியின் கார அமில நிலையைச் சோதியுங்கள்.